தூண்டியவர் யார்?

நிலவியற்பியல், கட்டடப் பொறியியல் துறைகளின் ஆய்வேடுகளில் ஒரு தொடர் தவறாமல் இடம்பெறுகிறது: “தரவுகள் களத்தில் பதிவு செய்யப்பட்டன.” அதைத் தொடர்ந்து வரும் இருநூறு பக்கங்களில் சமன்பாடுகள் உண்டு, வண்ண வரைபடங்கள் உண்டு, மென்பொருளின் பெயரும் பதிப்பெண்ணும்கூட உண்டு. அந்தப் பதிவு எந்தக் கணத்தில் தொடங்கியது, தொடங்குமாறு கருவிக்கு ஆணையிட்டது எது, அந்த ஆணை எவ்வளவு தாமதமாகச் சென்றது என்னும் செய்தி மட்டும் இராது. நெறியாளர் கேட்பதில்லை. புறத்தேர்வாளரும் கேட்பதில்லை. யாரேனும் கேட்டுவிட்டால் விடை ஆயத்தமாக இருக்கிறது: “அது டெக்னீசியன் வேலை.”

இந்த விடையைக் கல்வியுலகம் இனியும் ஏற்கலாகாது. நகரத்து மண்ணைப் பற்றி ஆய்வேடுகள் சொல்லும் எண்களிற் பல அந்த ஒரு கணத்தின்மேல் நிற்கின்றன. அந்தக் கணத்தை எழுதாமல் விடுவது அடித்தளத்தைக் காட்டாமல் மாடியை மட்டும் காட்டி வீடு விற்பதற்கு ஒப்பாகும்.

நில அதிர்வைப் பதியும் கருவி தன் பதிவை இரு வழிகளில் தொடங்கும். முதலாவது அகத்தூண்டல். கருவி தரையைத் தானே கேட்டுக்கொண்டிருக்கும். அதிர்வு ஒரு வரம்பைத் தாண்டினாலோ, அண்மைச் சில கணங்களின் சராசரி அதற்கு முந்தைய நெடுநேரச் சராசரியைவிடப் பன்மடங்கு உயர்ந்தாலோ, ‘ஏதோ நிகழ்ந்துவிட்டது’ என்று முடிவுகட்டிப் பதியத் தொடங்கும். இரண்டாவது புறத்தூண்டல். இங்கே கருவி தரையைக் கேட்பதில்லை; ஒரு கம்பியைக் கேட்கிறது. எஃகுத் தகட்டின்மேல் சம்மட்டி விழுகிறது. கைப்பிடியில் இறுகக் கட்டிய உணரி ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. அல்லது சம்மட்டியும் தகடும் தொடும்போது மின்சுற்று மூடுகிறது. துடிப்பு வந்துசேர்ந்த கணமே சுழியக் காலம். ஒவ்வொரு ஜியோஃபோனுக்கும் அலை வந்துசேர எடுத்த நேரம் அந்தச் சுழியத்திலிருந்தே எண்ணப்படுகிறது.

இதில் முடிவெடுக்க வேண்டியவை பல. துடிப்பு ஏறும்போது தொடங்குவதா, இறங்கும்போது தொடங்குவதா? எத்தனை வோல்ட்டைத் துடிப்பு என்று கொள்வது? சம்மட்டி ஒருமுறை விழுந்து துள்ளி மறுமுறை பட்டால் இரண்டாவது துடிப்பைப் புறக்கணிக்க எவ்வளவு நேரம் காத்திருப்பது? துடிப்புக்கு முந்தைய எத்தனை மில்லிநொடிகளை நினைவகத்தில் வைத்திருப்பது? கம்பியா, வானலையா? வானலை என்றால் அதன் தாமதம் எவ்வளவு? இவை ஒவ்வொன்றும் மனிதர் எடுக்கும் முடிவு. எழுதப்படாத முடிவு பிறகு எவராலும் சரிபார்க்க முடியாத முடிவாகிவிடும்.

மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளை எடுத்துக்கொண்டால் சிக்கலின் கனம் விளங்கும். மாட்டுங்காவின் இருபுறமும் தண்டவாளங்கள். மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா நிலையம் ஒருபுறம், மேற்கு ரயில்வேயின் மாட்டுங்கா ரோடு நிலையம் மறுபுறம். நள்ளிரவுக்குப் பின்னான சிறிது நேரத்தைத் தவிரப் புறநகர் ரயில்கள் ஓய்வதில்லை. மித்தி ஆற்றையும் மாஹிம் கழிமுகத்தையும் ஒட்டிய தாராவி, சதுப்பு நிலத்தின்மேல் தலைமுறை தலைமுறையாக மண்ணும் குப்பையும் கொட்டி உயர்த்திய தரை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கு வந்தவர்கள் குடியேறியபோது அதன் பெரும்பகுதி சேறுதான். 2025 மே மாதத்திலிருந்து அதன் அடியில் மெட்ரோ மூன்றாம் தடமும் ஓடுகிறது. செம்பூரின் தெற்கே சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலையும் இரவுபகலாக இயங்குகின்றன. சிறிது தொலைவிலேயே பசால்ட் பாறை மேலெழும். சிறிது தொலைவிலேயே கடற்களிமண் ஆழ இறங்கும்.

இத்தகைய இடத்தில் சம்மட்டி அடியைக் கண்டுகொள்ள அகத்தூண்டலை நம்பினால் ஒவ்வொரு ரயிலும் ஒரு ‘நிகழ்வு’ ஆகிவிடும். வரம்பை உயர்த்தினால் சம்மட்டியின் மெல்லிய அதிர்வும் உடன்போய்விடும். ஆகவே புறத்தூண்டலே வழி. அதுவும் இடர் நீங்கிய வழியன்று. 25 கிலோவோல்ட் மாறுமின்னோட்டக் கம்பிகளின் அருகில் நீளமான தூண்டல் கம்பியை விரித்தால் அதிலேயே பொய்த் துடிப்புகள் ஏறக்கூடும். தூண்டல் கம்பியும் ஜியோஃபோன் கம்பியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் ஒன்றின் துடிப்பு மற்றொன்றில் முள்ளாகக் குத்தி நிற்கும். களத்தில் நிற்பவருக்கு இவை யாவும் தெரியும். ஆய்வேட்டுக்கு மட்டும் தெரியாது.

பம்பாயின் அறிவியல் வரலாறு இவ்விடத்தில் ஒரு பாடம் வைத்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரின் டிராம் வண்டிகளை மின்சாரத்தால் இயக்கத் திட்டமிட்டபோது கொலாபா வானிலை ஆய்வகத்தின் காந்தப் பதிவுகளுக்கு ஆபத்து நேர்ந்தது. அதன் முதல் இந்திய இயக்குநரான நானாபாய் ஆர்தேஷிர் ஃப்ராம்ஜி மூஸ், கடலுக்கு அப்பாலிருந்த அலிபாகில் புதிய காந்த ஆய்வகத்தை 1904இல் நிறுவினார். கருவியைப் பெயர்த்துச் சென்றதோடு அவர் பணி முடியவில்லை. 1906 வரை இரண்டிடங்களிலும் இணையாகப் பதிவுகள் எடுக்கப்பட்டன. பழைய தொடருக்கும் புதிய தொடருக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பிற்காலத்தவர் அறிய வேண்டும் என்பதே காரணம். அறுபது ஆண்டுகளுக்குப் பின், செம்பூரை அடுத்த டிராம்பேயின் அணு ஆய்வு மையம், தொலைதூர அணுவெடிப்புகளின் அதிர்வைக் கேட்க விரும்பியபோது பிரிட்டனின் அணுசக்தி அமைப்போடு சேர்ந்து கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் அமைதியான தரையைத் தேர்ந்தது. ‘எல்’ வடிவில் 20 அதிர்வுமானிகள் அங்கே பரப்பப்பட்டன.

கொலாபாவின் காந்தமானி அலிபாகுக்குப் போயிற்று. டிராம்பேயின் செவி கௌரிபிதனூருக்குப் போயிற்று. தாராவியின் மண்ணைக் கேட்பதற்கு வேறெங்கும் போக இயலாது. இரைச்சலின் நடுவிலே நின்றுதான் கேட்டாக வேண்டும். அங்கே தூண்டலைப் பற்றிய கவனம் மும்மடங்கு வேண்டும். நடைமுறையில் இருப்பதோ ஒரு செயப்பாட்டுவினைத் தொடர்.

தவறினால் விளைவது என்ன என்று கணக்கிட்டுப் பார்ப்பது கடினமன்று. அருகருகே இரு ஆழ்துளைகள், இடைவெளி 3 மீட்டர். ஒன்றில் அடி, மற்றதில் அளவீடு. மண்ணில் எஸ் அலை எனப்படும் குறுக்கலையின் உண்மையான வேகம் நொடிக்கு 165 மீட்டர் என்க. அலை கடக்க ஆகும் நேரம் 18.2 மில்லிநொடி. தூண்டல் 2 மில்லிநொடி பிந்தினால் கருவி காட்டுவது 16.2 மில்லிநொடி. கணக்கில் வேகம் 185 மீட்டராக உயர்ந்துவிடுகிறது. மண்ணின் விறைப்புக் குணகம் வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதம் ஆதலால் அது 26 விழுக்காடு மிகுந்து தோன்றுகிறது. அமெரிக்க வழிகாட்டு நெறிகள் நெடுங்காலம் மென்மண்ணையும் உறுதி மண்ணையும் பிரித்த எல்லைக்கோடு நொடிக்கு 180 மீட்டர். ஒவ்வோர் ஆழத்திலும் இதே தாமதம் தொடர்ந்தால், மென்மண் தாளில் உறுதி மண்ணாக மாறிவிடும். இரண்டு மில்லிநொடி என்பது கண்ணிமைக்கும் நேரத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது.

இப்பிழைக்கு மருந்தும் உண்டு, துறையினர் அறிந்ததும்கூட. மூன்று துளைகள் இட்டு, ஒன்றில் அடித்து, ஏனைய இரண்டில் கேட்டு, அவ்விரண்டின் நேர வேறுபாட்டை மட்டும் எடுத்தால் தூண்டலின் தாமதம் இருபுறமும் ஒத்திருந்து கழிந்துபோகும். தரநெறிகளும் மூன்று துளைகளையே விரும்பிப் பரிந்துரைக்கின்றன. மூன்றாவது துளைக்குச் செலவாகும். செலவைக் குறைக்க இரண்டோடு நிறுத்துபவர், தூண்டலின் தாமதத்தையேனும் அளந்து எழுதக் கடமைப்பட்டவர் அல்லவா?

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் எழுவதுண்டு. மூன்றும் கற்றறிந்தோர் வாதங்களே. ஆகையால் விடை கூறத் தக்கவை.

முதல் வாதம்: “இப்போது பெரும்பாலோர் பயன்படுத்துவது பரப்பலை முறை. அதில் ஜியோஃபோன்களுக்கு இடையிலான கட்ட வேறுபாடே கணக்கில் வருகிறது, தூண்டல் தாமதித்தால் எல்லாத் தடங்களும் ஒன்றாகத் தள்ளிப்போகும், முடிவு மாறாது.” உண்மை. ஒரே ஓர் அடியை மட்டும் பதிந்தால் இது முழு உண்மை. ஆனால் மாட்டுங்காவில் ஓர் அடி போதாது. இரைச்சலை அமிழ்த்தப் பத்து, இருபது அடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்ட வேண்டியிருக்கிறது. தாமதம் மாறாதிருந்தால் தீங்கில்லை. அடிக்கு அடி மாறினால் அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். 50 ஹெர்ட்ஸ் அலையின் அலைவுக்காலம் 20 மில்லிநொடி. இரு அடிகளுக்கிடையே 5 மில்லிநொடி பிசகினால் கூட்டலின் சராசரி வீச்சு 71 விழுக்காடாகக் குறையும். 10 மில்லிநொடி பிசகினால் அறவே அழியும். நொடிக்கு 150 மீட்டர் வேகமுள்ள மண்ணில் அந்த அலையின் நீளம் 3 மீட்டர். அதாவது மேல்மட்டத்துச் சில மீட்டர்களின் சேதியைச் சுமந்து வருவது அந்த அலையே. தாராவியில் கொட்டி நிரப்பிய மண் கிடப்பது அங்கேதான்.

இரண்டாம் வாதம்: “தூண்டல் என்பதே பழங்கதை. இன்று கருவிகள் இடையறாது பதிகின்றன, ஜிபிஎஸ் நேரமிடுகிறது, வேண்டிய பகுதியைப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம்.” இடையறாத பதிவு பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் வெட்டுவது யார், எந்த விதிப்படி? களத்திலிருந்த வரம்பு இப்போது கணினி நிரலுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. குறுங்காலச் சராசரிக்கும் நெடுங்காலச் சராசரிக்குமான விகிதம் மூன்றா ஐந்தா என்று நிரலில் ஒருவர் எழுதுகிறார். அதைப் பொறுத்தே நிகழ்வுகளின் பட்டியல் நீள்கிறது அல்லது குறுகுகிறது. சம்மட்டி விழுந்த கணத்தை ஜிபிஎஸ் தானாக அறியாது. அதற்கும் ஒரு துடிப்பு வேண்டும். இடம் மாறியது, பொறுப்பு நீங்கவில்லை.

மூன்றாம் வாதமே வேரானது: “இது டெக்னீசியன் வேலை.” இதில் கருவியைவிடச் சமூகமே மிகுதியாகத் தெரிகிறது. கையால் செய்வது தாழ்வு, கணக்கால் செய்வது உயர்வு என்னும் பழைய படிநிலை பல்கலைக்கழகத்துக்குள் வந்து ‘செய்முறை’ என்றும் ‘கோட்பாடு’ என்றும் பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது. சம்மட்டி ஏந்துபவர் பெரும்பாலும் நாட்கூலிக்கு வந்தவர் அல்லது முதலாண்டு மாணவர். எந்த அடி நேராக விழுந்தது, எந்த அடியில் தகடு வழுக்கியது, எத்தனையாவது அடியில் உணரியின் கட்டு தளர்ந்தது என்பவை அவர் தோளுக்குத் தெரியும். அந்த அறிவைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடு போதும். அதைச் செய்யாமல், பின்னர் திரையின்முன் அமர்ந்து ‘ஒவ்வாத தடங்கள் நீக்கப்பட்டன’ என்று எழுதுவது அறிவியல் முறையாகக் கருதப்படுகிறது.

தூண்டல் பிறதுறையார் கவலை என்று மொழித்துறையினர் ஒதுங்கவும் இயலாது. சொற்களை உரக்கப் படிக்கச் செய்து, வாய் திறக்க ஆகும் நேரத்தை அளக்கும் சோதனைகளில் ஒலி வரம்பைத் தாண்டியதும் கடிகாரத்தை நிறுத்தும் கருவி நெடுங்காலம் பயன்பட்டது. உரசொலியில் தொடங்கும் சொல்லை அது பிந்தி உணரும். சில வெடிப்பொலிகளை வேறுவகையாக உணரும். மனத்தின் தாமதம் என்று கருதப்பட்டவற்றுள் ஒரு பகுதி கருவியின் தாமதம் எனப் பின்னர் காட்டப்பட்டது. மண்ணாயினும் மனமாயினும் எங்கே எண்ணத் தொடங்கினோம் என்று சொல்லாத அளவு அளவாகாது.

கலைச்சொல்லிலும் இதே அலட்சியம் புகுந்திருக்கிறது. மின்காந்தவியலில் ‘தூண்டல்’ ஒரு பொருள். உயிரியலில் ‘தூண்டல்’ மற்றொரு பொருள். கருவியைத் தொடக்கும் துடிப்புக்கும் அதே ‘தூண்டல்’. இந்தக் குழப்பத்தின் விலையைக் கொய்னா காட்டுகிறது. 1967 டிசம்பர் 11 விடியற்காலையில் கொய்னா அணைப் பகுதியில் 6.3 அளவு நிலநடுக்கம் நேர்ந்தது. ஏறத்தாழ 180 முதல் 200 பேர் உயிரிழந்தனர். மும்பையிலும் தரை அதிர்ந்தது. நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கிய சில ஆண்டுகளில் நேர்ந்த அந்நிகழ்வைப் பற்றி எழுதும் அறிஞர்கள் இரு சொற்களைப் பிரித்து ஆள்கின்றனர். பாறையில் தேங்கிய அழுத்தத்தின் பெரும்பகுதியை மனிதச் செயலே உண்டாக்கியிருந்தால் ஒரு சொல். இயற்கை முன்னரே நிறைத்து வைத்திருந்த அழுத்தத்தை மனிதச் செயல் இறுதியாகச் சற்றே தள்ளிவிட்டிருந்தால் மற்றொரு சொல். கொய்னாவுக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது பெரும்பாலோர் முடிவு. தமிழில் இரண்டையும் ‘தூண்டப்பட்ட நிலநடுக்கம்’ என்றே எழுதுகின்றனர். உண்டாக்கியவருக்கும் தள்ளிவிட்டவருக்கும் பொறுப்பு வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் வழக்கும் விவாதமும் முடங்கும். ‘விளைவித்த’, ‘முடுக்கிய’ என்ற இரு எளிய வினைகளே பிரித்துக் காட்டப் போதுமானவை.

அதே கொய்னாவில் அணையின் உள்ளே வைத்திருந்த முடுக்கப் பதிவி அன்றைய அதிர்வைப் பதிந்தது. புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஆறு பங்கையும் தாண்டிய அந்தப் பதிவு உலகெங்கும் அணைப் பொறியாளர்களின் பாடமாயிற்று. அக்காலத்து முடுக்கப் பதிவிகள் உறங்கிக் கிடந்து, தரை போதுமான அளவு குலுங்கிய பிறகே விழித்தெழுபவை. ஆகவே அத்தகைய பதிவின் முதற்கணம் கருவி விழித்த கணம். நிலம் அசைந்த முதற்கணம் அன்று. இவ்வரம்பைத் துறையினர் அறிந்தே அத்தரவுகளை ஆண்டனர். அறிந்து ஆள்வதற்கும் அறியாமல் ஆள்வதற்கும் இடையிலுள்ள தொலைவே இங்கு விவாதப்பொருள்.

நன்னூலார் வினைமுற்றின் இலக்கணம் கூறும்போது ஆறு செய்திகளை எண்ணுகிறார்: செய்தவர், கருவி, இடம், செயல், காலம், செய்யப்பட்ட பொருள். “தரவுகள் களத்தில் பதிவு செய்யப்பட்டன” என்னும் தொடரை அந்த ஆறோடு ஒட்டிப் பார்த்தால் பொருளும் செயலும் இருக்கின்றன. இடம் அரைகுறையாக இருக்கிறது. செய்தவர் இல்லை, கருவி இல்லை, காலத்தின் தொடக்கமும் இல்லை. ‘படு’ விகுதி தமிழுக்கு அயலானதன்று. செய்தவரை மறைப்பதற்கென்றே அதை ஆளும் பழக்கம்தான் ஆய்வேட்டு நடையின் நோய்.

மாற்று கடினமானதும் அன்று. தூண்டல் எவ்வகை, துடிப்பின் ஏற்றமா இறக்கமா, வரம்பு எத்தனை வோல்ட், கம்பியின் நீளம், முன்னினைவு எத்தனை மில்லிநொடி, பதிவு இடைவெளி எவ்வளவு, எத்தனை அடிகள் அடுக்கப்பட்டன, எத்தனை நீக்கப்பட்டன, ஏன் — அரைப் பக்கத்தில் அடங்கும். தகட்டின் அருகிலேயே ஒரு ஜியோஃபோனை வைத்துப் பத்து முறை அடித்தால் தாமதமும் அதன் தடுமாற்றமும் கையில் வந்துவிடும். கால்மணி நேர வேலை. அடிகளைக் களத்திலேயே கூட்டி ஒன்றாக்காமல் தனித்தனியே சேமித்தால் பின்னர் வருபவர் சரிபார்க்கலாம். வட்டுகள் மலிந்துவிட்ட இக்காலத்தில் இடமில்லை என்னும் சாக்கும் செல்லாது. கருவியையோ அமைப்பையோ மாற்றுவோர் பழையதையும் புதியதையும் சிலகாலம் இணையாக ஓட்ட வேண்டும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மூஸ் செய்தது அதுவே. சம்மட்டி ஏந்தியவர் இசைந்தால் அவர் பெயர் நன்றியுரையில் வரட்டும். வழிகாட்டியின் குடும்பத்தாருக்கு அங்கே இடமிருக்கும்போது சுழியத்தை அமைத்தவருக்கு இடமில்லாமற் போகாது.

இந்திய நிலநடுக்கத் தரநெறியின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு மும்பையை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. மண்ணை வன்மை, இடைநிலை, மென்மை என மூவகையாகப் பிரித்தது. அது பிரிக்கும் வழி துளையிட்டுத் தட்டி எண்ணும் முறை. உயர்ந்த கட்டடங்களுக்கான தனி மண்ணாய்வில் அலைவேகமும் சேர்கிறது. அந்த எண்ணைக் கொண்டே தூண்களின் பருமனும் கம்பிகளின் அளவும் நிறுவப்படுகின்றன. தாராவியில் இனி எழப்போகும் அடுக்குமாடிகளில் குடியேறுபவர்கள் இன்று தரையோடு ஒட்டிய தகரக் கூரையின்கீழ் வாழ்பவர்கள். அவர்கள் எந்த ஆய்வேட்டையும் படிக்கப்போவதில்லை. படித்துச் சரிபார்க்கும் கடமை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

அடுத்த வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒருவர், மென்பொருளைப் பற்றிய கேள்விகளுக்கு முன்பாக, “சுழியத்தை எப்படி அமைத்தீர்கள்? தாமதத்தை அளந்தீர்களா?” என்று கேட்கட்டும். அவையில் அமர்ந்திருக்கும் மாணவர் எவரும் அக்கேள்வியை எழுப்பலாம். பொது வாய்மொழித் தேர்வின் விதி அதற்கு இடமளிக்கிறது. விடை கிடைக்காவிட்டால் ஆய்வாளரைக் குறைகூற வேண்டியதில்லை. அவருக்கு முன்னர் அதே இருக்கையில் அமர்ந்த எவரிடமும் அக்கேள்வி கேட்கப்படவில்லை என்பதே உண்மை. கேள்வி அவையில் ஒருமுறை எழுந்துவிட்டால், அடுத்த ஆய்வேட்டில் அந்த அரைப் பக்கம் வந்துவிடும்.